இரண்டு ஆற்றுக்கு நடுவே இருப்பவர்களுக்கு

மேலூரிலிருந்து கிளிக்கூடு வரை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருக்கும் எல்லாருக்கும், முக்கியமாகக் குடியிருப்போர் நலச் சங்கங்களை இழுத்துக்கட்டி நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த மடல்.

திருவானைக்கோவிலில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு விஷயத்தை உங்களிடம் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தேன். கொண்டையம்பேட்டையில் சொன்னால் அது கொண்டையம்பேட்டைப் பிரச்சினையாகிவிடுகிறது; சித்திரை வீதியில் சொன்னால் சித்திரை வீதிப் பிரச்சினையாகிவிடுகிறது. எல்லாரிடமும் ஒரே நேரத்தில் சொன்னால்தான் விளங்கும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஆனி மாதமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நடைக்குக் கூட்டிப்போவேன். அம்மா மண்டபப் படித்துறையில் ஆரம்பிப்போம். கடைசிப் படியில் நின்று தண்ணீர் எந்தப் படியைத் தொடுகிறது என்று எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வார்கள். அங்கிருந்து வடக்கே நடந்து ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தடிக்கு வருவோம். அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் வளையங்களை ஒவ்வொன்றாக அளந்தபடி சுற்றி, வடக்கு வாசல் பக்கம் வெளியே வருவோம். பிறகு பஞ்சக்கரைச் சாலையைத் தாண்டிக் கொள்ளிடக் கரையில் ஏறுவோம். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம். பிள்ளைகளோடு போனால் காலைப்பொழுது முழுக்க ஆகும்.

கொள்ளிடக் கரையில் ஏறியதும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “டீச்சர், இந்த ஆறு ஏன் இவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது?” காவிரியில் படியை எண்ணிவிட்டு வந்த கண்ணுக்கு அது உடனே பட்டுவிடும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த நடையே.

நம் ஸ்ரீரங்கத்தின் பெயரிலேயே பூகோளம் இருக்கிறது. அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை. ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி நெருங்கும் இடத்தில் நடுவே எஞ்சும் மண். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடு போகிறது. வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். கொள்ளும் இடம், வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கிழக்கே கல்லணைக்குப் பக்கத்தில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. அங்கே காவிரியில் மிஞ்சுகிற தண்ணீர் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்குகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, அகலமானது. தண்ணீர் இயல்பாகவே அந்தப் பக்கம் சாயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் மேலும் மேலும் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரி மண் மேவித் தஞ்சைக்குப் பாசனம் குறைந்துகொண்டே போனது. அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். அந்த அணை நின்றால் காவிரிக்கு உயிர். நாம் அந்தக் கணக்கின் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம்.

திருவானைக்கோவில் கருவறையில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதை அப்புத்தலம், நீர்த்தலம் என்கிறோம். பக்தியோடு பார்ப்பவருக்கு அது ஒன்றைச் சொல்லும். பூகோள டீச்சருக்கு இன்னொன்றையும் சொல்லும். நம் காலுக்குக் கீழே தண்ணீர் வெகு தூரத்தில் இல்லை. இரண்டு பக்கமும் ஆறு ஓடும் மணல்மேட்டில் குடியிருக்கிறோம். அந்த மண்ணில் எந்த மூலையில் வாய்க்காலை அடைத்தாலும், எந்த மூலையில் கரையை வெட்டினாலும், வேறொரு மூலையில் அது தெரியும்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் உத்தமர்சீலிக்குப் போய்ப் பாருங்கள். கல்லணை சாலையில் அங்கே ஒரு தரைப்பாலம் இருக்கிறது. காவிரியில் வெள்ளம் அதிகமானால் அந்த இடத்தில் சாலையின் மேலேயே ஏறிக் கடந்து வடக்கே கொள்ளிடத்தை நோக்கி ஓடும். அன்றைக்குப் பேருந்து நின்றுவிடும். சுற்று வட்டாரத்தில் வாழைத்தோட்டங்களில் தண்ணீர் ஏறிவிடும். வாழைக்கு ஈரம் பிடிக்கும், நிற்கும் தண்ணீர் ஆகாது. சில நாள் தேங்கினால் வேர் அழுகித் தாரோடு சாய்ந்துவிடும். தீவுக்கு மேற்கே முக்கொம்பில் எடுக்கிற முடிவுக்கு விலை கொடுப்பது கிழக்கே அந்த வாழைக்கட்டை.

2018 ஆகஸ்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டுத் தண்ணீர் வந்த மாதம். நம்மையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த, 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. நல்லவேளை, பக்கத்தில் புதிய பாலம் வந்து வண்டிகள் அதில் போய்க்கொண்டிருந்தன. அந்த மாதம் 22-ஆம் தேதி இரவு, வெள்ளம் தணிந்துகொண்டிருந்த நேரத்தில், முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் ஒன்பதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. நானும் எங்கள் தெருப் பெண்களும் மறுநாள் விடியற்காலையில் கொள்ளிடக் கரைக்குப் போனோம். ஆற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எங்களுக்கே அதன் சத்தம் புதிதாக இருந்தது. ஒருவரும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கடைசியில் ஒன்று கேட்டார்: “இதை யாரிடம் போய்க் கேட்பது?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அந்தத் தேதியில் நமக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நகரை நடத்தினார்கள். அவர்களில் உழைத்தவர்கள் உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் வாசலில் வந்து நிற்கவும், நாம் போய் வாசலில் நிற்கவும் ஒரு ஆள் இல்லை. நம் காலத்தில் நாம் பார்த்த பெரிய ஆற்று ஆபத்து, நமக்கு உள்ளாட்சிப் பிரதிநிதியே இல்லாத வருஷத்தில் வந்தது.

இனி கொஞ்சம் பழைய கதை. இளையவர்கள் பலருக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் தனி நகராட்சியாக இருந்த ஊர். திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866-ல் வந்தது. ஐந்தே வருஷத்தில், 1871-ல், ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும் சேர்ந்த தனி நகராட்சி அமைந்தது. இரண்டு மைல் தள்ளியிருந்த பெரிய ஊரோடு சேர்க்காமல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தனியாக வைத்தார்கள். தீவு என்பது தனி நிலம் என்று புரிந்துதான் அப்படிச் செய்தார்களா, யாத்திரிகர் கூட்டத்தையும் காலராவையும் நினைத்துச் செய்தார்களா என்று ஆராய்வது வரலாற்று ஆசிரியர்களின் வேலை. விளைவு ஒன்றுதான்: 123 வருஷம் இந்த மண்ணைப் பற்றி மட்டும் பேசுவதற்கென்று ஒரு நகராட்சி இந்த மண்ணிலேயே இருந்தது.

1994-ல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியானது. ஸ்ரீரங்கம் நகராட்சியும் பொன்மலை நகராட்சியும் அதில் கரைந்தன. நாம் ஸ்ரீரங்கம் கோட்டம் ஆனோம். இன்றைக்கு மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களில் ஒன்று. மாமன்றத்தில் 65 வார்டுகள்.

என் அப்பா நகராட்சிக் காலத்து ஆள். தெருக்குழாய் வரவில்லையென்றால் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வருவார். யாரிடம் சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று சாப்பிடும்போது எங்களுக்குச் சொல்வார். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. திறந்த சாக்கடையும், வாளி வாளியாகச் சுமந்த கழிவும், அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்ட மனிதர்களை ஊர் நடத்திய விதமும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்ன நகராட்சியிடம் பணமும் கிடையாது. மாநகராட்சி வந்ததால் பெரிய திட்டங்களும், கொள்ளிடத்து ஆற்றுக்கிணறுகளிலிருந்து நீளமான குழாய்களும், தெருவுக்குத் தெரு விளக்கும் வந்தன. அதை மறைத்துப் பேசினால் இந்த மடல் பொய்யாகிவிடும். பழைய நகராட்சியைத் திருப்பித் தரச் சொல்லி நான் உங்களைக் கூப்பிடவில்லை.

போனது வேறொன்று. இந்தத் தீவை ஒரே இடமாகப் பார்த்துப் பேசும் மேசை போய்விட்டது.

மேலூர் வழியாக வந்து தீவின் ஊடே ஓடுகிற நாட்டு வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்கால். வாய்க்கால் ஒரு துறையிடம். அதில் கலக்கும் தெருச்சாக்கடை மாநகராட்சியிடம். அதைத் தாண்டும் சாலை சில இடத்தில் நெடுஞ்சாலைத் துறையிடம். கோயில் நிலத்தைத் தொடும் இடத்தில் அறநிலையத் துறை. மாநகர எல்லை தாண்டியதும் ஊராட்சி. தண்ணீர் ஒன்றுதான், அதற்குப் பொறுப்பு இத்தனை துண்டு.

சில வருஷம் முன் ஒரு ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நானும் இன்னும் மூன்று பேரும் தேடிக்கொண்டே போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தோம். அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு குழாய்ப்பாலத்தின் வாயில் ஆகாயத்தாமரை மெத்தை மாதிரி அடைத்திருந்தது. அதன் மேல் ஒரு பழைய பாய், தெர்மாகோல், மாலைக் குவியல், கட்டு அவிழாத ஒரு பை நிறையக் குழந்தைத் துணி. கழியால் குத்திப் பார்த்தோம், அசையவில்லை. ஒரு அலுவலகத்துக்குப் போனோம்; பாலம் தங்களுடையதல்ல என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில் பாலம் தங்களுடையதுதான், ஆனால் அடைத்திருப்பது வாய்க்காலில் என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனு வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் மழை நின்று தண்ணீர் தானே வடிந்தது. அந்த மூன்று மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் கெட்டவரில்லை. அவரவர் கோப்பில் அவரவர் எல்லை சரியாகவே எழுதியிருந்தது.

இங்கே கொஞ்சம் தூரமாகப் போய் வருகிறேன். என் மகள் நெதர்லாந்தில் குரோனிங்கன் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். அவளோடு இருக்கப் போனபோது, டீச்சர் அம்மாவைத் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வடகடலில் இருக்கும் ஸ்கீர்மொனிகோக் என்ற தீவுக்கு அழைத்துப் போனாள். முக்கால் மணி நேரப் படகு. சாம்பல் உடைத் துறவிகளின் தீவு என்று பெயருக்குப் பொருளாம். நம் அரங்கம் மாதிரியே பெயரின் கடைசியில் தீவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியூர்க்காரர் காரை உள்ளே கொண்டுவரக் கூடாது. நீளம் பதினாறு கிலோமீட்டர் இருக்கும், அகலம் நாலு. குடியிருப்பவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

அந்த ஆயிரம் பேருக்குக் குறைவான ஊர் ஒரு முழு நகராட்சி. அதற்கென்று மேயர், அதற்கென்று ஒன்பது பேர் கொண்ட மன்றம். அந்த நாட்டுச் சட்டப்படி எவ்வளவு சின்ன நகராட்சிக்கும் குறைந்தது ஒன்பது உறுப்பினர். நான் ஊருக்குத் திரும்பி வந்து கணக்குப் போட்டேன். 2011 கணக்கெடுப்பில் நம் மாநகரின் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்கு மேல். 65 வார்டுக்குப் பங்கிட்டால் ஒரு கவுன்சிலருக்குச் சராசரி 14 ஆயிரம் பேர். அங்கே நூறு பேருக்கு ஒருவர்.

அவர்கள் ஊரில் எல்லாம் சின்னதாகவே இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அங்கேயும் சேர்த்துக்கொண்டேதான் போகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரத்து இருநூறு நகராட்சிகள் இருந்த நாட்டில் 2023 தொடக்கத்தில் 342 தான். பல கிராமங்கள் தங்கள் பெயரை இழந்து பக்கத்து ஊரோடு கரைந்தன. இருந்தும் அந்தத் தீவை விட்டு வைத்திருக்கிறார்கள். கடல் சூழ்ந்த ஊருக்குக் கரையிலிருப்பவர் முடிவெடுக்க முடியாது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

என்னை அதைவிடப் பிடித்துக்கொண்டது வேறொன்று. மகள் வீட்டு மேசையில் வரிச் சீட்டுகள் கிடந்தன. நகராட்சி வரி ஒன்று, அதைத் தவிர நீர் வாரியத்துக்கென்று தனியாக ஒன்று. விசாரித்தேன். அந்த நாட்டில் கால்வாசிக்கு மேல் நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. கரை கட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது, தண்ணீரை இறைப்பது, கழிவுநீரைச் சுத்தப்படுத்துவது எல்லாம் இந்த நீர் வாரியங்களின் வேலை. நகராட்சி எல்லையைப் பார்த்து இவற்றுக்கு எல்லை போடவில்லை. தண்ணீர் ஓடும் போக்கைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. இன்றைக்கு 21 வாரியங்கள். அவற்றுக்குத் தனித் தேர்தல், ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். 1953 தொடக்கத்தில் கடல் உடைத்துக்கொண்டு வந்து 1,836 பேர் இறந்தார்கள். அதற்கு முன் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் சின்னச் சின்ன வாரியங்கள். ஒவ்வொன்றும் தன் கரையைத் தான் பார்த்துக்கொண்டது, பக்கத்துக் கரையின் பலவீனம் அதற்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் வேகமாகச் சேர்த்தார்கள். ஆகவே சின்னதே நல்லது என்பதும் பாடமில்லை, பெரியதே நல்லது என்பதும் பாடமில்லை. தண்ணீர் எவ்வளவு தூரம் ஒன்றாக ஓடுகிறதோ அவ்வளவு தூரம் ஒரு கூட்டம் வேண்டும். நான் அங்கிருந்து கொண்டுவந்தது இதைத்தான்.

இது நமக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, குடவோலை முறையை விவரமாகச் சொல்கின்றன என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். பாடத்தில் ஓலையும் குடமும் நினைவிருக்கும்; அந்த ஓலையில் எதற்கெல்லாம் ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பலருக்கு மறந்திருக்கும். அதில் ஒன்று ஏரி வாரியம். ஊரின் தண்ணீருக்கென்றே தனிக் குழு, 360 நாள் பதவி, பிறகு வேறு ஆட்கள். நிலமும் படிப்பும் இருந்த ஆண்களுக்கு மட்டும்தான் அந்தக் குடத்தில் இடம். என்னைப் போன்றவளுக்கும், ஊரில் பெரும்பாலானவர்களுக்கும் அங்கே வாசல் கிடையாது. அந்தப் பூட்டை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தண்ணீருக்குத் தனிக் குழு என்ற யோசனையை எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் 2022-ல் வந்தன. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குழு, வார்டைப் பிரித்துப் பகுதி சபைகள். அந்த வருஷம் நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூடின. ஏரியா சபை என்று நாம் சொல்வது இதைத்தான்.

நான் போனேன். நாற்காலி போட்டிருந்தார்கள், வந்திருந்தவர்கள் முப்பது பேர் இருப்போம். எல்லாரும் தத்தம் வீட்டு வாசலைச் சொன்னோம்: விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, நாய்த் தொல்லை. சொல்ல வேண்டியவைதான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது, ஆற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளைக் கொள்ளிடக் கரையில் ஏற்றிக் காட்டியவள், மைக் கைக்கு வந்தபோது எங்கள் சந்தின் வடிகால் மூடியைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு விட்டதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிழக்கே இருப்பவர்கள் நிலைமை இன்னும் சிக்கலானது. உத்தமர்சீலியும் கிளிக்கூடும் இதே தீவு, இதே தண்ணீர். ஆனால் அவை ஊராட்சிகள். நம் மாமன்றத்தில் அவர்களுக்குக் குரல் இல்லை. அவர்கள் கிராம சபையில் நமக்கு வேலை இல்லை. அவர்கள் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. 2018-ல் நமக்கு இருந்த அதே வெற்றிடம் அவர்களுக்கு வந்தது. திருச்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு எழுந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று சுற்று வட்டாரக் கிராம மக்கள் மறியல் செய்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. சேருவதா வேண்டாமா என்று அவர்களுக்கு நாம் யோசனை சொல்லப் போக வேண்டாம். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறத்தான் போகிறது. அதைப் பற்றி நம்மோடு உட்கார்ந்து பேச அவர்களைக் கூப்பிடலாம்.

நம் மாமன்றத்துக்கும் 2022-லிருந்து ஐந்து வருஷம்தான். அடுத்த தேர்தல் தள்ளிப்போனால் மறுபடி ஒரு மழைக்காலத்தை ஆளில்லாமல் பார்க்க வேண்டியிருக்கும். தேர்தல் நடத்துவது நம் கையில் இல்லை. கூடி உட்காருவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இது. கிராம சபைகள் கூடும் நாள்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் ஒன்று. கிழக்கே ஊராட்சிகளில் வழக்கமாக அன்றைக்குக் கூடுவார்கள். அதே நாளில் ஸ்ரீரங்கம் மண்டலத்தின் பகுதி சபைகளையும் கூட்டி, சாயங்காலம் எல்லாரும் ஒரே இடத்தில் சேரும்படி ஏற்பாடு செய்யச் சொல்லி, உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் மண்டலக் குழுத் தலைவரிடமும் ஒரே வாசகத்தில் தீர்மானம் கொடுங்கள். எல்லாச் சங்கமும் ஒரே வாசகம், அது முக்கியம். மேட்டூரைத் திறப்பது வழக்கமாக ஜூன் 12. மார்ச்சில் உட்கார்ந்தால் தூர்வார, அடைப்பெடுக்க, கரையில் ஓட்டை பார்க்க இரண்டரை மாதம் கிடைக்கும். நீர்வளத் துறை, மாநகராட்சி, நெடுஞ்சாலை, அறநிலையத் துறை, ஊராட்சி ஒன்றியம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொருவர் அந்த ஒரு நாள் வந்து உட்காரும்படி மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுவோம். ஒரே மேசையில் ஐந்து பேரும் இருந்தால், அடைத்திருக்கும் குழாய்ப்பாலம் யாருடையது என்பதை அரை மணியில் முடிவு செய்துவிடலாம்.

அதிகாரம் இல்லாத கூட்டத்தால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சட்டப்படி அந்தக் கூட்டம் ஒருவரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் 2018-ல் கொள்ளிடக் கரையில் அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு ஒரு முகவரி இருக்கும். எந்த வருஷம் எந்த மதகில் எவ்வளவு அடைப்பு, யார் எடுக்கிறேன் என்றார், எடுத்தாரா என்று எழுதிய ஒரு நோட்டு இருக்கும். அடுத்து வருகிற கவுன்சிலரும் அடுத்து வருகிற அதிகாரியும் அந்த நோட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். இப்போது ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள்.

நோட்டு என்றதும் ஒன்று. பிள்ளைகள் அம்மா மண்டபத்தில் படி எண்ணிக் குறித்த பழைய நோட்டுகளில் பத்தொன்பது என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சிலவற்றில் கையெழுத்து கோணல், சிலவற்றில் புளியங்கறை. ஆனால் தேதி இருக்கிறது, படி எண் இருக்கிறது, கொள்ளிடத்தில் தண்ணீர் பாலத்தூணின் எந்த மட்டத்தில் நின்றது என்று பென்சிலில் படம் போட்டிருக்கிறார்கள். தீவின் வரைபடம் ஒன்றையும் பெரிய தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். நாட்டு வாய்க்காலை நீலத்தில் போட்டிருக்கிறேன். எங்கெங்கே அடைக்கிறது என்பதற்கு எங்கள் பகுதியில் மட்டும் சிவப்புப் புள்ளி வைத்தாயிற்று. மேலூர், சித்திரை வீதிகளுக்கு வடக்கே, கொண்டையம்பேட்டை, திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு எல்லாம் வெள்ளையாகக் கிடக்கின்றன. அங்கே நடந்து பார்க்க என் முழங்கால் இடம் கொடுக்காது.

ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் இரண்டு பேர், முடிந்தால் அதில் ஒருவர் பெண், உங்கள் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாய்க்காலோரம் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். மாசி மாதத்து முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அம்மா மண்டபத்தில் மேல்படியில் தாளோடும் சிவப்புப் பென்சிலோடும் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
திருவானைக்கோவில் பூகோள டீச்சர்